நூத்தி நாலு தடவை செத்தவர்

என் வீட்டுக்காரர் ஒரு இடத்துல சும்மா உக்கார மாட்டார். சாப்பிடும்போது கால் ஆடும், டிவி பாக்கும்போது விரல் தாளம் போடும், தூக்கத்துலகூட போர்வையோட மல்லுக்கட்டுவார். லிஃப்ட் மெக்கானிக் வேலை, நாள் பூரா ஏறி இறங்கியே பழகின உடம்பு. இந்த மனுஷன்தான் மேடையில ஒரு மணி நாப்பது நிமிஷம் பொணமா நடிக்கிறார். சொன்னா யாரும் நம்புறதில்ல.

எங்க நாடகக் குழு சின்னது. பகல்ல ஆளாளுக்கு ஒரு பொழப்பு, சாயங்காலம் நாடகம். நான் ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கேன், அதனால குழுவோட டைப்பிங், நோட்டீஸ், மெயில் எல்லாம் என் தலையில. என் தம்பி மேடைச் சாமான் பாத்துக்கறான். பழைய டெலிபோன் வேணுமா, பொய்யா ஒரு ஜன்னல் வேணுமா, ரெண்டு நாள்ல செஞ்சு நிறுத்திடுவான். டைரக்டர் பள்ளிக்கூடத்துல கணக்கு வாத்தியார், சாயங்காலமானா எங்க எல்லாரையும் பெஞ்சு மேல ஏத்தற வாத்தியார். என் வீட்டுக்காரருக்குக் குழுவுல வெச்ச பேரு 'கட்டை'. பதினோரு வருஷமா நடிக்கிறார். காவல்காரன், மரம், மூட்டை தூக்கறவன், இப்படித்தான் வேஷம் வரும். வசனத்தை எல்லாம் சேத்தா ஒரு போஸ்ட் கார்டு நிறையாது.

இப்ப ரெண்டு வருஷமா போட்டுக்கிட்டிருக்கற நாடகம் 'அப்பா தூங்கறார்'. பதினஞ்சு வருஷம் பேச்சுவார்த்தை இல்லாத பெரியப்பா குடும்பம் சமாதானம் பேச வீட்டுக்கு வருது. அன்னைக்குன்னு பாத்து அப்பா செத்துப்போயிடறார். வந்தவங்க திரும்பிப் போயிடக் கூடாதேன்னு வீட்டாளுங்க அவர் உயிரோட இருக்கற மாதிரி காட்டறாங்க. பொணத்தை நாற்காலியில உக்கார வெப்பாங்க, கண்ணாடி மாட்டுவாங்க, கையில பேப்பர் சொருகுவாங்க, பெரியப்பாவோட கை குலுக்க வெப்பாங்க. ஒரு இடத்துல டான்ஸ்கூட ஆட வெப்பாங்க. கடைசியில அலமாரிக்குள்ள திணிச்சுக் கதவைச் சாத்துவாங்க. ஜனங்க வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிப்பாங்க.

அவர் எப்ப மூச்சு விடறார்னு எனக்கு மட்டும்தான் தெரியும். பொண்டாட்டியா நடிக்கிற அம்மா அவர் நெஞ்சுல விழுந்து அழும்போது ஒரு பெரிய மூச்சு. ஜனங்க சிரிக்கும்போது சின்னதா ஒண்ணு. மத்த நேரத்துல அந்த நெஞ்சு கல்லு. காட்சி இருக்கற நாள்ல மூணு மணிக்கு மேல தண்ணிகூட குடிக்க மாட்டார். ஒரு நாள் மூக்கு நுனியில ஈ உக்காந்து, ஒரு காட்சி பூரா அங்கேயே குடித்தனம் பண்ணுச்சு. இன்னொரு நாள் பெரியப்பா வேஷக்காரர் பூட்ஸ் காலால அவர் விரலை நறுக்குன்னு மிதிச்சுட்டார். நகம் கறுத்து விழுந்தே போச்சு, முகத்துல ஒரு சுளிப்பு இல்ல. இது நடிப்பு இல்லன்னா எதுதான் நடிப்பு, நீங்களே சொல்லுங்க.

ஆனா அவர் பேரு நோட்டீஸ்ல கிடையாது. டைரக்டரோட சட்டம். "பொணத்துக்குப் பேரு போட்டா, பாக்கறவன் அது எப்ப மூச்சு விடும்னே பாத்துக்கிட்டிருப்பான்"னு சொல்லிட்டார். நாடகம் முடிஞ்சு எல்லாரும் கைகோத்து நின்னு வணக்கம் சொல்லும்போதும் இவர் அலமாரிக்குள்ளேயே இருக்கணும். கைதட்டல் எல்லாம் இவருக்குப் பலகை வழியாத்தான் கேக்கும்.

அந்த நோட்டீஸை அடிச்சவ நான். என் கையாலேயே என் புருஷன் பேரை விட்டேன். அதோட நின்னிருந்தாலாவது பரவாயில்ல. ஒத்திகை நாள்ல இவருக்கு எங்கயாவது லிஃப்ட் நின்னுபோச்சுன்னு அழைப்பு வந்துடும், அதனால தம்பி ஒரு பொம்மை செஞ்சு வெச்சிருந்தான். மணலும் கந்தலும் அடைச்ச உடம்பு, பழைய ஹெல்மெட்டுல தலை. அது ஒத்திகையைத் தாண்டி மேடைப் பக்கமே வந்ததில்ல. ஆனாலும் ராத்திரி பகலா உக்காந்து செஞ்சானே, கூடப் பிறந்தவனுக்கு ஒரு வரி போடக் கூடாதான்னு, 'மேடைப் பொருட்கள், பொம்மை'ன்னு அடிச்சு அவன் பேரைப் போட்டேன். பாசம் கண்ணை மறைச்சுடுச்சு.

இந்த வருஷம் லிஃப்ட் கம்பெனியில அவரை சூப்பர்வைசர் ஆக்கறோம்னு சொன்னாங்க. ஏறி இறங்க வேணாம், ஒரு அறையில உக்காந்து மத்தவங்களை அனுப்பினா போதும். ஆனா வேலை மத்தியானம் ரெண்டு மணியிலேருந்து ராத்திரி பத்து வரைக்கும். அப்படின்னா நாடகத்துக்கு முழுக்கு. சம்மதக் காகிதத்துல கையெழுத்து போட அவருக்குத் திங்கட்கிழமை வரைக்கும் டைம் குடுத்திருந்தாங்க.

"இந்த வருஷம் நாடக மன்றத்து விருதுல என் பேரு எங்கயாவது இருந்தா கையெழுத்து போட மாட்டேன். இல்லன்னா போட்டுடறேன். நாப்பத்தாறு வயசாச்சு, இன்னும் எத்தனை நாள்தான் செத்துக்கிட்டே இருக்கறது"ன்னார்.

"நோட்டீஸ்லயே பேரு இல்ல. விருதுல எப்படி வரும்?"

"நடுவருங்க எல்லாம் மேடையிலேயே பொறந்து வளந்தவங்க. உயிரு இருக்கற ஆளைக் கண்டா தெரியாதா"ன்னார். எனக்கும் அது நியாயமாத்தான் பட்டுச்சு.

வியாழக்கிழமை மத்தியானம் மெயில் வந்துச்சு. கடையில ஆளுங்க நிக்கறாங்க, நான் ஒரு கையால மிஷினை ஓட்டிக்கிட்டே இன்னொரு கையால திறந்தேன். சிறந்த நடிகை, எங்க நாடகத்துல பொண்டாட்டி வேஷம் போடற அம்மா. நல்லது, தகுதியானவங்க. சிறந்த துணை நடிகர், எங்க டாக்டர் வேஷக்காரர். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. அந்த மனுஷன் மேடைக்கு வர்றதே மூணு நிமிஷம், அதுலயும் ஒரு நிமிஷம் பெட்டியைத் திறக்கத் தெரியாம முழிப்பார். இன்னும் கீழ போனேன். சிறந்த மேடைப் பொருள், 'அப்பா தூங்கறார்' நாடகத்தில் பிணமாக வரும் பொம்மை. பக்கத்துல என் தம்பி பேரு. 'உயிருள்ள மனிதரோ என்று ஐயுற வைக்கும் கைவேலை. பரிசு பெறும் பொம்மையைச் சனிக்கிழமை விழா மேடைக்கு எடுத்து வரவும்' அப்படின்னு ஒரு குறிப்பு வேற.

நாலு காப்பி கேட்டவருக்கு நாப்பது காப்பி ஓடியிருந்தது. அவர் "அம்மா, அம்மா"ன்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்திருக்கார், என் காதுல விழவே இல்ல.

எப்படி இவர்கிட்ட சொல்றதுன்னு சாயங்காலம் வரைக்கும் வாயை மூடிக்கிட்டிருந்தேன். என் வாய்க்கு அது சாதாரணப்பட்ட காரியம் இல்ல. சாப்பிட உக்காந்ததும் போனை அவர் பக்கம் தள்ளினேன். படிச்சார். மறுபடியும் படிச்சார். மேசைக்கடியில ஆடிக்கிட்டிருந்த அவர் கால் நின்னுபோச்சு. பதினெட்டு வருஷத்துல அந்தக் கால் வீட்டுல நின்னு நான் பாத்ததே இல்ல.

அந்த நேரம் பாத்துத் தம்பி, மன்றத்துலேருந்து அவனுக்குப் போன் வந்த கையோட, வந்து வாசப்படியிலேயே நின்னான். உள்ள வர முகம் இல்ல அவனுக்கு.

"மாமா, நாளைக்குக் காலையில மொத வேலையா போய் சொல்லிடறேன். அது பொம்மை இல்ல, எங்க மாமான்னு."

இவர் நிமிரவே இல்ல. "எந்தக் காட்சிக்கு வந்தாங்களாம்?"

"போன மாசம். ரெண்டு தடவை வந்திருக்காங்க. நடுவருங்க நாலு பேரும்."

"ரெண்டு தடவையா?"

"ஆமா மாமா."

"நாலு பேருமா?"

"மூணாவது வரிசையில உக்காந்து."

அவர் உதட்டு ஓரத்துல என்னவோ துடிச்சுது. அழப்போறார்னு நெனச்சு நான் பக்கத்துல போறேன், மனுஷன் சிரிக்கறார். மொதல்ல சத்தமே வரலை, தோள்பட்டை மட்டும் குலுங்குது. அப்புறம் மேசை, தட்டு, டம்ளர் எல்லாம் குலுங்குச்சு. "ஹெல்மெட்டுத் தலை"ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சார். தம்பி சிரிக்கலாமா கூடாதான்னு என் முகத்தைப் பாத்தான், அப்புறம் அவனும் தரையில உக்காந்துட்டான். கோபமா இருக்கணும்னு நான் எவ்வளவோ முயற்சி பண்ணினேன், முடியலை.

சிரிச்சு முடிச்சுக் கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "நீ ஒண்ணும் போய் சொல்ல வேணாம். நானே வரேன்"ன்னார்.

"எங்க மாமா?"

"விழாவுக்கு. பொம்மையை எடுத்துட்டு வரச் சொல்லியிருக்காங்கல்ல, எடுத்துட்டு போ."

"ஏங்க, உங்களுக்குப் புத்தி கித்தி கலங்கிடுச்சா?"ன்னேன்.

"கேளு. தள்ளி உக்காந்து பாத்து ஏமாந்தாங்க. சரி. பக்கத்துல வந்து, தொட்டுப் பாத்து, அப்பவும் பொம்மைன்னே நம்பினா, அதைவிடப் பெரிய விருது எனக்கு எவனும் தர முடியாது. சூப்பர்வைசர் வேலையை வேணாம்னு சொல்லிட்டு சாகற வரைக்கும் செத்துக்கிட்டே இருப்பேன். கண்டுபிடிச்சுட்டாங்கன்னா, எனக்கு இவ்வளவுதான் வரும்னு அர்த்தம். திங்கட்கிழமை கையெழுத்து. அங்க வந்து நீ வாயைத் திறக்கக் கூடாது, அதை மட்டும் சத்தியம் பண்ணு."

பண்ணித் தொலைச்சேன். அன்னைக்கு அவர் தூங்கிட்டார், எனக்குத் தூக்கம் வரலை. யாராவது கண்டுபிடிச்சு இந்த மனுஷனுக்கு ஒரு மரியாதை செய்யணும்னு மனசு கெடந்து அடிச்சுக்குது. கண்டுபிடிச்சா நாடகமே போச்சு. எந்தப் பக்கம் வேண்டிக்கிறதுன்னே எனக்குப் புரியலை.

சனிக்கிழமை காலையிலேருந்து தம்பி அவரைப் 'பொம்மை'யாக்க ஆரம்பிச்சான். ரெண்டு தடவை ஷேவ் பண்ணி, முகம், கழுத்து, கையெல்லாம் மெழுகு கலந்த சாயத்தைப் பூசினான். தொட்டா சூடு தெரியக் கூடாதுன்னு கிளம்பற வரைக்கும் ரெண்டு கையிலயும் ஐஸ் பையைக் குடுத்து உக்கார வெச்சான். சோப்பு வாசனை வரக் கூடாதுன்னு பழைய துணி மூட்டைக்குள்ள கெடந்த சட்டையை மாட்டினான். டைரக்டர் வந்து பாத்தார். விஷயத்தைக் கேட்டதும் மொதல்ல தலையில கைய வெச்சுக்கிட்டார். அப்புறம் கிட்ட வந்து, "கட்டைக்கு இடது காது லேசா சிவந்திருக்கு, அங்க ஒரு பூச்சு"ன்னு தம்பிக்குச் சொல்லிட்டுப் போனார். சக்கரம் வெச்ச கட்டில்ல படுக்க வெச்சு, துணி போத்தி, வேன்ல ஏத்தினோம்.

அரங்கம் நிறைஞ்சு வழியுது. மேடை ஓரமா கட்டிலை நிறுத்திட்டுத் தம்பி பக்கத்துலேயே காவல் நின்னான். நான் முதல் வரிசை. விருது ஒவ்வொண்ணா குடுத்துக்கிட்டே வர்றாங்க, இவர் ஒரு மணி நேரமா அப்படியே கெடக்கறார். போற வர்றவங்க எல்லாம் ஒரு தடவை தொட்டுப் பாக்காமப் போகலை. நடுவருங்கள்ல ஒருத்தர் முட்டியைத் தட்டிப் பாத்தார். இன்னொருத்தர் காதைப் பிடிச்சுத் திருகி, "ரப்பரா?"ன்னு கேட்டார். "ஒரு மாதிரி ரப்பர் சார்"னு தம்பி அசடு வழிஞ்சான். நம்ம மூணு நிமிஷ டாக்டர் இருக்காரே, அவர் தன்னோட விருதைக் கையில வெச்சுக்கிட்டு கட்டில் விளிம்புல உக்காந்து, என் புருஷன் தோள் மேல கையைப் போட்டுப் போட்டோ எடுத்துக்கிட்டார். அவருக்கு உண்மை தெரியும். தெரிஞ்சே செஞ்சார். நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு சத்தியத்தை நெனச்சுக்கிட்டேன்.

கடைசியா மேடைப் பொருள். கட்டிலை நடுவுக்குத் தள்ளினாங்க. நடுவர் குழுத் தலைவி மைக்கை எடுத்துக்கிட்டு வந்தாங்க. வெள்ளை முடியைக் குட்டையா வெட்டின அம்மா, நாப்பது வருஷம் நடிச்சவங்க, குரலே அரங்கத்தோட பின் சுவரைத் தொடும்.

"இந்த வருஷம் நான் இருபத்தாறு நாடகம் பாத்தேன். எல்லாரும் நடிச்சாங்க. இந்தப் பொம்மை ஒண்ணுதான் நடிக்காம இருந்துச்சு"ன்னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. டாக்டர் வேஷக்காரரும் சிரிச்சார்.

"இந்த மூட்டு எல்லாம் எவ்வளவு அழகா மடங்குதுன்னு பாருங்க. மணிக்கட்டைப் பாருங்க"ன்னு சொல்லிக்கிட்டே அவர் கையைத் தூக்கினாங்க. கை தொளதொளன்னு தொங்குச்சு. என் மனுஷன் அசரலை. அந்தம்மா விரல் மணிக்கட்டுக்கு உள்பக்கம் பட்டுச்சு.

பேச்சு பாதியில நின்னுபோச்சு.

மெழுகு பூசினோம், ஐஸ் வெச்சோம், சோப்பு வாசனையைக்கூட யோசிச்சோம். நாடின்னு ஒண்ணு இருக்கறது எங்க யாருக்கும் ஞாபகத்துலேயே இல்ல. மேல இருந்து பாத்தா உடம்பு கட்டை, ஆனா உள்ள அது குதிரையா ஓடியிருக்கணும். அந்தம்மா கையை விடலை. உதடு மட்டும் அசையுது, எண்ணறாங்க. அரங்கத்துல ஆளுங்க ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கறாங்க.

அவங்க அந்தக் கையை மெதுவா, நோகாம, திரும்பவும் அவர் நெஞ்சு மேல வெச்சாங்க. குனிஞ்சு அவர் காதுகிட்ட கேட்டாங்க. மைக் கையில இருந்ததால எல்லாருக்கும் கேட்டுச்சு.

"எவ்வளவு நேரமா இப்படி இருக்கீங்க?"

பொணம் பதில் சொல்லலை.

அந்தம்மா தம்பி பக்கம் திரும்பினாங்க. "யாருப்பா இது?"

"எங்க மாமா"ன்னான் தம்பி. சொல்லிட்டுத் தேம்பித் தேம்பி அழுதுட்டான்.

அரங்கத்துல எங்கயோ ஒருத்தர் சிரிக்க ஆரம்பிச்சார், அது பரவறதுக்குள்ள அந்தம்மா கையைக் காட்டி அமத்தினாங்க.

"இந்தப் பரிசை நான் திரும்ப வாங்கிக்கணும். இது பொருளுக்குக் குடுக்கறது, மனுஷருக்குக் குடுக்க முடியாது. நடிகருக்கான விருதெல்லாம் குடுத்து முடிச்சாச்சு, பட்டியல் பத்திரிகைக்கும் போயிடுச்சு. நாங்க நாலு பேர் ரெண்டு தடவை வந்து, மூணாவது வரிசையில உக்காந்து, ஒரு மனுஷரைப் பாக்காமப் போயிருக்கோம். இவருக்குக் குடுக்க எங்ககிட்ட இப்ப ஒண்ணுமே இல்ல."

மைக்கைக் கீழ வெச்சாங்க. ரெண்டு அடி பின்னால போய் நின்னுகிட்டு கைதட்ட ஆரம்பிச்சாங்க. அவங்க ஒருத்தர் மட்டும்தான் மொதல்ல. அப்புறம் டைரக்டர் எழுந்தார், அப்புறம் முதல் வரிசை, அப்புறம் நாற்காலி எல்லாம் படபடன்னு மடங்கற சத்தம். நான் பொறந்ததுலேருந்து அப்படி ஒரு கைதட்டல் கேட்டதில்ல.

அவர் எழுந்திருக்கலை. வீம்புன்னு சிலர் நெனச்சிருப்பாங்க. எனக்குத் தெரியும், தனக்குன்னு கைதட்டும்போது என்ன பண்ணணும்னு அந்த மனுஷனுக்குத் தெரியாது. வாயைத் திறக்க மாட்டேன்னுதான் சத்தியம் பண்ணியிருந்தேன், இனிமே அது யாருக்கு வேணும்னு மேடை ஏறிட்டேன்.

"ஏங்க, கண்ணைத் திறங்க. உங்களுக்குத்தான் தட்டறாங்க."

ஒரு கண்ணைத் திறந்தார். "கண்டுபிடிச்சுட்டாங்க"ன்னார். குரல் அப்படியே உடைஞ்சு கெடந்துச்சு.

"உங்களை யாரும் கண்டுபிடிக்கலை. உங்க நாடியைக் கண்டுபிடிச்சாங்க. அதையும் நிறுத்திட்டு நடிக்கணும்னா டைரக்டரை வேற ஆளைப் பாக்கச் சொல்லுங்க. எனக்கு நீங்க வீட்டுக்கு வேணும்."

அதுக்கு லேசா சிரிச்சார், கன்னத்துல மெழுகு விரிசல் விட்டுச்சு. தம்பி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் தாங்கிப் பிடிச்சு உக்கார வெச்சோம். கால் ரெண்டும் மரத்துப் போயிருந்தது, எழுந்து நிக்க நேரம் ஆச்சு. நின்ன பிறகு கையை எங்க வெக்கறதுன்னு தெரியாம சட்டைப் பையில விட்டார், வெளிய எடுத்தார், கடைசியில என் கையைப் பிடிச்சுக்கிட்டார். ஜனங்க இன்னும் உக்காரலை. அவர் விளக்கு வெளிச்சத்துக்கு ஒரு கையை நெத்தியில வெச்சு மறைச்சுக்கிட்டு, முதல் வரிசையிலேருந்து ஒவ்வொரு முகமா பாத்துக்கிட்டே போனார். நூத்தி நாலு காட்சியில கண்ணை மூடிக்கிட்டே இருந்தவர், கடைசியில அலமாரிக்குள்ள போயிடறவர், அன்னைக்குத்தான் எதிர்ல இருக்கறவங்களைப் பாக்கறார்.

என் பக்கம் குனிஞ்சு, "தினமும் இவ்வளவு பேரா வந்தாங்க?"ன்னு கேட்டார்.

"மழை நாள்ல கொஞ்சம் கம்மி"ன்னேன்.

அவர் பால்கனி வரைக்கும் நிமிந்து பாத்தார். "திங்கட்கிழமை போய் முடியாதுன்னு சொல்லிடறேன்"ன்னார்.